வேகம் கூட்டிய கணிப்பொறி ஏன் தளர்ந்தது?



சென்ற கோடை விடுமுறையில் முதலாண்டு மாணவன் ஒருவன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது. "சார், பிராசசர் கெட்டுப்போச்சு போலிருக்கு. ஒருத்தர் பாதி விலைக்குக் கேட்கிறார். கொடுத்துடலாமா?" என்று கேட்டான்.

ஓராண்டு முழுவதும் மாலையில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம், அம்மாவின் சீட்டுப் பணம் இரண்டையும் போட்டு, விளையாட்டுகளுக்கென்றே ஒரு கணிப்பொறியைத் தானே பகுதி பகுதியாக வாங்கிப் பூட்டியிருந்தான். நல்ல செயலி வாங்கினான். அதில் பணம் தீர்ந்துவிடவே, தாய்ப்பலகையை, அதாவது கடையில் மதர்போர்டு என்று கேட்டு வாங்கும் அந்தப் பச்சை அல்லது கறுப்புப் பலகையை, இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கிவிட்டான். பிறகு செயலியின் வேகத்தை 4.2 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து 4.6 ஜிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினான். இதைத்தான் 'ஓவர்கிளாக்கிங்' என்கிறார்கள். நாம் 'மிகைத்துடிப்பு' என்று சொல்வோம்.

முதல் பத்து நிமிடம் ஆட்டம் அருமையாக ஓடியது. அதன்பின் படம் திக்கத் தொடங்கியது. வேகம் 3 ஜிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழுந்தது! வேகத்தைக் கூட்டியவனுக்குக் கிடைத்தது பழைய வேகத்தையும்விடக் குறைந்த வேகம். செயலியின் வெப்பநிலையோ 72 பாகை செல்சியஸ்தான். இன்றைய செயலிகள் ஏறத்தாழ 95 பாகை வரை தாங்கும். அப்படியானால் தளர்ந்தது யார்?

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, ஒரு மேசை விசிறியைத் தாய்ப்பலகையின் ஒரு குறிப்பிட்ட மூலையை நோக்கித் திருப்பி வைத்தோம். இரண்டு நிமிடத்தில் வேகம் மீண்டும் 4.6 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏறியது. விசிறியை நிறுத்தினோம், சற்று நேரத்தில் மறுபடி விழுந்தது. குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான்! அவன் யார் என்பதை இயற்பியலின் துணையோடு காண்போம்.

துடிப்பும் பெருக்கெண்ணும்

கணிப்பொறியின் ஒவ்வொரு செயலும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப நடக்கிறது என்பதை அறிவீர்கள். இன்றைய கணிப்பொறிகளில் அடிப்படைத் துடிப்பு வினாடிக்கு 10 கோடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். செயலி அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கெண் 42 என்றால் 4200 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.2 ஜிகாஹெர்ட்ஸ். நம் மாணவன் செய்ததெல்லாம் 42ஐ 46 ஆக மாற்றியதுதான்.

முன்பெல்லாம் இவ்வளவு எளிதல்ல. 1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்னும் மலிவான செயலியை வெளியிட்டது. அதன் பெருக்கெண் 4.5, அதை மாற்ற முடியாது. அடிப்படைத் துடிப்பு சுமார் 66.7 மெகாஹெர்ட்ஸ்; பெருக்கினால் 300. ஆனால் அடிப்படைத் துடிப்பையே 100 ஆக்கினால்? 450 மெகாஹெர்ட்ஸ்! அன்று இன்டெலின் விலையுயர்ந்த பென்டியம் 2 செயலியின் உச்ச வேகமும் அதுவே. ஏராளமான ஆர்வலர்கள் இதைச் செய்து வென்றார்கள்.

அந்த வெற்றியில் பாதிப் பங்கு தாய்ப்பலகையுடையது. ஏனெனில் அடிப்படைத் துடிப்பை உயர்த்தினால் அதிலிருந்து துடிப்பைப் பெறும் மற்ற உறுப்புகளின் வேகமும் உயர்ந்து, அவை தடுமாறும். இன்டெலின் 440பிஎக்ஸ் சில்லுத் தொகுதியைக் கொண்ட பலகைகளில் 66க்கும் 100க்கும் தனித்தனி வகுஎண்கள் இருந்தன. 66ஐ 2ஆல் வகுத்தாலும் 33. 100ஐ 3ஆல் வகுத்தாலும் 33. ஆகவே மற்ற அட்டைகள் எதையும் உணரவில்லை. ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 என்ற பலகையில் இந்த மாற்றங்களைத் திரையிலேயே செய்துகொள்ளவும் முடிந்தது. செயலி ஓடத் தயாராக இருந்தாலும் பலகை வழிவிட வேண்டும் என்பதை அன்றே பலரும் உணர்ந்தார்கள்.

வேகத்துக்குக் கொடுக்கும் விலை

செயலிக்குள் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியைப் போல மின்னூட்டம் பெறுகிறது, பின் இழக்கிறது. துடிப்பு விரைவானால் அது நிரம்புவதற்குக் கிடைக்கும் நேரம் குறையும். குறைந்த நேரத்தில் நிரப்ப வேண்டுமானால் மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும். நம் மாணவனும் 1.2 வோல்ட்டை 1.35 வோல்ட்டாக உயர்த்தியிருந்தான். "கொஞ்சம்தானே சார்!" என்றான்.

கொஞ்சமா? கணக்கிடுவோம். இவ்வகைச் சுற்றுகள் செலவிடும் திறனுக்கான தொடர்பு இது:

திறன் = மின்தேக்குதிறன் × மின்னழுத்தத்தின் இருமடி × அதிர்வெண்

அதிர்வெண் 4.6 / 4.2 = 1.095 மடங்கு. மின்னழுத்தம் 1.35 / 1.2 = 1.125 மடங்கு, அதன் இருமடி 1.266. இரண்டையும் பெருக்கினால் 1.386. முன்பு 110 வாட் செலவிட்ட செயலி இப்போது சுமார் 152 வாட் செலவிடும். வேகம் கூடியது 9.5 விழுக்காடு, திறன் கூடியது 39 விழுக்காடு!

152 வாட்டை 1.35 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 112 ஆம்பியர்! நம் வீட்டுச் சுவரில் விளக்கையும் விசிறியையும் இணைக்கும் துளைச்செருகிகள் 5 அல்லது 6 ஆம்பியருக்கு உரியவை. ஒரு தபால்தலை அளவுள்ள சில்லுக்குள் அதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? தாய்ப்பலகைதான்.

12 வோல்ட் 1.35 வோல்ட் ஆவது எப்படி?

கணிப்பொறிப் பெட்டியின் மின்வழங்கி தாய்ப்பலகைக்கு 12 வோல்ட் தருகிறது. அதை 1.35 வோல்ட்டாகக் குறைக்க ஒரு மின்தடையைப் போட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். மின்தடையில் 10.65 வோல்ட் இழக்கப்பட வேண்டும். மின்னோட்டம் 112 ஆம்பியர். வீணாகும் திறன் சுமார் 1190 வாட். ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டியைக் கணிப்பொறிக்குள் வைத்தது போல் ஆகிவிடும்!

ஆகவே பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். செயலியைச் சுற்றி, வரிசையாகச் சதுரக் கட்டிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை கம்பிச்சுருள்கள், அதாவது மின்தூண்டிகள். அவற்றின் அருகே மாஸ்ஃபெட் எனப்படும் டிரான்சிஸ்டர் நிலைமாற்றிகள் உண்டு. இவை 12 வோல்ட்டை வினாடிக்குப் பல லட்சம் தடவை இணைத்தும் துண்டித்தும் விடுகின்றன. மொத்த நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் இணைத்திருந்தால் சராசரி சுமார் 1.35 வோல்ட் ஆகும். கம்பிச்சுருள் மின்னோட்டத்தைச் சட்டென மாற விடாது; மின்தேக்கி மின்னழுத்தத்தைச் சட்டென மாற விடாது. இரண்டும் சேர்ந்து அந்த வெட்டு வெட்டான மின்சாரத்தைச் சீராக்கிச் செயலிக்குத் தருகின்றன.

கிணற்றில் ஒருவர் மட்டும் நீர் இறைத்தால் வாளி மேலே வரும்போதுதான் வாய்க்காலில் நீர் ஓடும். எட்டுப் பேர் முறைவைத்து இறைத்தால் நீர் இடைவிடாமல் ஓடும், யாருக்கும் கைவலிக்காது. தாய்ப்பலகையிலும் அப்படியே. நிலைமாற்றிகளும் கம்பிச்சுருளும் கொண்ட ஒரு தொகுதியை 'ஃபேஸ்', அதாவது கட்டம் என்கிறார்கள். கட்டங்கள் முறைவைத்துச் செயல்படுகின்றன.

கட்டங்கள் பெருகுவதால் வெப்பம் எவ்வளவு குறையும்? வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உண்டாகும் என்னும் ஜூல் விதியை நினைவுகூருங்கள். 112 ஆம்பியரை 4 கட்டங்கள் சுமந்தால் ஒவ்வொன்றிலும் 28 ஆம்பியர், இருமடி 784. 8 கட்டங்கள் சுமந்தால் ஒவ்வொன்றிலும் 14 ஆம்பியர், இருமடி 196. மின்தடை சமமாக இருந்தால் ஒவ்வொரு கட்டத்தின் வெப்பமும் நான்கில் ஒரு பங்காகும். எட்டையும் கூட்டினாலும் மொத்த வெப்பம் பாதிதான். நிலைமாற்றிகள் திறந்து மூடும்போது உண்டாகும் இழப்பு தனி. எனினும் மின்னோட்டம் மிகும்போது இந்த இருமடி விதியே முன்னிற்கும்.

நம் மாணவனின் பலகையில் இருந்தவை 4 கட்டங்களே. அவற்றின் மீது வெப்பத்தைப் பரப்பும் அலுமினியத் துண்டுகூட இல்லை. மின்னோட்டம் 92 ஆம்பியரிலிருந்து 112 ஆம்பியருக்கு உயர்ந்ததால் அங்கே ஜூல் வெப்பம் ஏறத்தாழ 50 விழுக்காடு கூடியது. பலகையின் பயனுறுதிறன் 88 விழுக்காடு என்று கொண்டால், செயலிக்கு 152 வாட் கொடுக்க அது சுமார் 21 வாட்டைத் தானே வெப்பமாக விழுங்குகிறது. வானொலி பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சிறிய பற்றவைப்புக் கோலின் திறன் 25 வாட்! அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் அந்த மூலையில் தேங்கியது.

பலகை எரிந்துபோகாமல் இருக்க அதில் ஒரு காவலன் உண்டு. வெப்பநிலை எல்லையைத் தாண்டினால் 'வேகத்தைக் குறை' என்று அது செயலிக்குச் சைகை அனுப்பும். செயலியும் பணிந்துவிடும். தளர்ந்தது செயலி அன்று, அதற்கு மின்சாரம் ஊட்டிய பகுதி. விசிறிக் காற்று பட்டதும் வேகம் மீண்டதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு பகுதி அறையின் வெப்பநிலையைவிட 60 பாகை கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 22 பாகையுள்ள குளிர்சாதன அறையில் அது 82 பாகை. சித்திரை மாதத்தில் 38 பாகையுள்ள மாடி அறையில் அதுவே 98 பாகை. வெளிநாட்டில் குளிர்ந்த அறையில் சோதித்தவர் 'நன்று' என்று சொன்ன பலகை, வேலூரிலோ மதுரையிலோ திணறக்கூடும்.

தேர்ந்தெடுக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதலாவது, பொருத்தமும் அனுமதியும். செயலி அமரும் பொருத்துவாய் ஒத்துப்போக வேண்டும். இன்டெலின் 12 முதல் 14 வரையான தலைமுறைச் செயலிகளுக்கு எல்ஜிஏ 1700. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஏஎம்டி நிறுவனத்தின் 2022 முதலான ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்5. பொருந்தினால் மட்டும் போதாது. வேகத்தைக் கூட்ட அனுமதியும் வேண்டும். இன்டெலில் பெயரின் இறுதியில் 'கே' உள்ள செயலியும், இசட்690, இசட்790, இசட்890 போன்ற 'இசட்' வகைச் சில்லுத் தொகுதியும் சேர்ந்தால்தான் பெருக்கெண்ணை உயர்த்த முடியும். பி660, பி760 பலகைகளில் நினைவகத்தின் வேகத்தை மட்டும் கூட்டலாம். ஏஎம்டியில் பி650, எக்ஸ்670 வகைகள் அனுமதிக்கும். ஏ620 செயலியின் வேகத்தைக் கூட்ட அனுமதிக்காது.

இரண்டாவது, மின்னூட்டும் பகுதி. பெட்டியின் மீது '16+1' என்பது போல அச்சிட்டிருப்பார்கள். முதல் எண்தான் செயலியின் உள்ளகங்களுக்கான கட்டங்கள். எண்ணிக்கையோடு ஒவ்வொரு கட்டமும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் பாருங்கள். வலுவற்ற பத்தைவிட வலுவான எட்டு மேலாக இருக்கலாம். 2023 அக்டோபரில் வந்த கோர் ஐ9-14900கே செயலிக்கு இன்டெல் குறித்துள்ள உச்சத் திறன் 253 வாட். 1.25 வோல்ட்டில் அது 200 ஆம்பியருக்கு மேல் ஆகும். அத்தகைய செயலியை 4 கட்டப் பலகையில் பூட்டுவது மாட்டுவண்டியில் சரக்கு லாரியின் பாரத்தை ஏற்றுவதாகும்.

மூன்றாவது, வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு. நிலைமாற்றிகளின் மேல் கனமான, மடிப்புகள் உள்ள அலுமினியக் கட்டி இருக்க வேண்டும். மடிப்புகள் ஏன்? பரப்பு மிகுந்தால் காற்றுக்கு வெப்பம் விரைவாகச் செல்லும். வழவழப்பான மூடி பார்க்க அழகு, பயன் குறைவு. மின்தேக்கிகளையும் கவனியுங்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில், தரங்குறைந்த திரவ மின்தேக்கிகள் உப்பி வெடித்ததால் எண்ணற்ற தாய்ப்பலகைகள் பாழாயின. அதன்பின் திடப் பாலிமர் மின்தேக்கிகள் பரவலாயின.

நான்காவது, நினைவகத் தடங்கள். தாய்ப்பலகையில் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ பாதி வேகத்தில்தான் சைகை செல்கிறது. ஒரு நானோ வினாடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். டிடிஆர்5 நினைவகம் வினாடிக்கு 600 கோடி முறை பரிமாறினால் ஒரு சைகைக்குக் கிடைக்கும் நேரத்தில் அது 2.5 சென்டிமீட்டர்தான் நகரும். ஒன்றாகப் புறப்படும் சைகைகள் ஒன்றாகச் சேர வேண்டும் என்பதற்காகவே சில தடங்கள் பாம்பைப்போல் வளைத்து நீட்டப்பட்டிருக்கின்றன. பலகைக்குள் 4, 6, 8 என்று செம்பு அடுக்குகள் உண்டு. அடுக்குகள் கூடினால் தடங்கள் ஒன்றையொன்று பாதிப்பது குறையும். நான்கு நினைவகத் துண்டுகளைவிட இரண்டே துண்டுகளைப் பொருத்தினால் உயர்ந்த வேகம் எளிதில் கைகூடும்.

ஐந்தாவது, கட்டுப்பாடும் மீட்பும். பயாஸ் எனப்படும் அடிப்படை நிரலில் மின்னழுத்தத்தை நுண்ணிய படிகளில் மாற்ற இயல வேண்டும். ஓம் விதியை இங்கே பாருங்கள். செயலிக்குச் செல்லும் வழியில் ஆயிரத்தில் ஓர் ஓம் மின்தடை இருந்தாலும், 112 ஆம்பியரில் 0.112 வோல்ட் இறங்கிவிடும். இதை ஈடுசெய்ய 'லோட் லைன்' என்றொரு அமைப்பு உண்டு. அதை அளவுக்கு மீறி வைத்தால், சுமை திடீரென நீங்கும் கணத்தில் மின்னழுத்தம் எகிறிச் செயலியைத் தாக்கும். நடுத்தர அளவே நல்லது. தவறான அமைப்பால் கணிப்பொறி எழ மறுத்தால் பழைய நிலைக்கு மீட்கும் பொத்தானும், செயலி இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கும் வசதியும் பலகையில் இருப்பது நலம்.

இரண்டு எச்சரிக்கைகள்

தாய்ப்பலகை தானாகவே மிகுந்த மின்னழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும்? 2023இல் ஏஎம்5 பலகைகளில் சில ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் கருகின. செயலியின் ஒரு பகுதிக்குச் செல்லும் மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் பல நிலைகுலைந்தன. செயலி கேட்கும் மின்னழுத்தம் தேவைக்கு மேல் உயர்ந்ததே காரணம் என்று கண்டு, அந்த ஆண்டு ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டார்கள். உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டு நீட்டித்தார்கள். ஆகவே பலகையை வாங்கியவுடன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். மிகைத்துடிப்பால் செயலி கெட்டால் பொதுவாக உத்தரவாதம் கைகொடுக்காது என்பதையும் மறவாதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு அடையும் லாபம் எவ்வளவு? ஆட்டத்தில் வினாடிக்கு 60 படங்கள் வந்தால், 9.5 விழுக்காடு வேகத்தால் மிஞ்சிப்போனால் 65 அல்லது 66 படங்கள் வரலாம். படம் வரையும் அட்டையே தடையாக இருந்தால் அதுவும் வராது. 1998இல் 50 விழுக்காடு இலவசமாகக் கிடைத்தது. இன்றைய செயலிகள் தொழிற்சாலையிலேயே எல்லைக்கு அருகில் கொண்டுவரப்பட்டு வருகின்றன. தாய்ப்பலகையில் மின்னும் வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தைப் படம் வரையும் அட்டைக்குக் கொடுத்தால் பயன் மிகும்.

நம் மாணவன் செயலியை விற்கவில்லை. பெருக்கெண்ணை 44 ஆக்கி, மின்னழுத்தத்தைப் பழைய 1.2 வோல்ட்டுக்கே இறக்கினோம். திறன் 115 வாட்டில் நின்றது. அந்த மூலைக்கு எதிரே ஒரு சிறு விசிறியைத் திருகி வைத்தான். மணிக்கணக்கில் ஆடியும் 4.4 ஜிகாஹெர்ட்ஸ் இம்மியும் அசையவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த ஜூல் விதி அன்று அவனுடைய அம்மாவின் சீட்டுப் பணத்தைக் காப்பாற்றியது!

நீங்களும் கணக்கிடுங்கள்

ஒரு செயலிக்கு 180 ஆம்பியர் தேவை. ஒவ்வொரு கட்டத்தின் மின்தடையும் 0.002 ஓம் என்று கொள்க. 6 கட்டப் பலகையிலும் 12 கட்டப் பலகையிலும் தோன்றும் மொத்த ஜூல் வெப்பம் எவ்வளவு?

(விடை: 10.8 வாட், 5.4 வாட்.)